வந்ததற்குத்தான் கையெழுத்து வைத்தோம், போவதற்கு அல்ல

யாழ்ப்பாண மாவட்டத்தின் கரையோரக் குடும்பங்களை இடம்மாற்றும் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆய்வாளர்களுக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும்,

உங்கள் வரைவு அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கள் ஊர்ப் பெண்களின் கையெழுத்துகள் இருக்கின்றன. அதற்கு மேலே, பாதிக்கப்பட்ட சமூகத்தின் சம்மதம் பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். நகரத்து ஹோட்டல் மண்டபமொன்றில் நீங்கள் வைத்த கூட்டத்துக்கு வந்தபோது, பஸ் காசு தருவதற்காக வாசலில் நீட்டிய தாள் அது. "அன்ரி, வந்ததுக்கு ஒரு சைன் வையுங்கோ" என்று ஒரு பிள்ளை கேட்டது. வைத்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, கையெழுத்து என்று நான்கு நிரல்கள் அதில் இருந்தன. பின்னிணைப்பில் தொகை நிரலை மட்டும் காணவில்லை.

அந்த ஒரு நிரலை யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்பதற்கு விளக்கம் வரும்வரை பேசாமல் இருக்க எங்களால் முடியாது. அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் தீவகத்தில், பரவைக்கடல் என்று நாங்கள் சொல்கிற ஆழமில்லாத கடலேரியை ஒட்டிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கச் செயலாளர். ஊரின் பெயரை இங்கே போடவில்லை. உங்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் அடுத்த கிழமையே கமராவோடு இன்னொரு குழு வந்து இறங்கும்.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று அன்றைய கூட்டத்தில் அரை மணி நேரம் திரையில் படம் போட்டு விளக்கினீர்கள். 1990இல் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் அங்கிருந்தும் எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். சிலர் வன்னிக்கும் போனார்கள். பிறகு ஊர் திரும்பி, பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, கூரை போட்டோம். அந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர் ஆச்சி ஒருவரிடம் கேட்டிருந்தால் உங்கள் படத்தைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மக்கள் கருத்து என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பத்து நிமிடம். அதிலும் பாதியை ஒலிவாங்கி சரிசெய்வதிலேயே விட்டுவிட்டீர்கள்.

சரி, அன்று சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் குடிக்கக்கூடிய கிணறு என்று இன்று ஒன்றும் இல்லை. இது ஒரு நாளில் நடந்ததல்ல. முதலில் பால் தேத்தண்ணி திரையத் தொடங்கியது. பால் பழுதென்று கடைக்காரரோடு சண்டை பிடித்தோம். பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. அப்புறம் வளவு முருங்கைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. தென்னைகள் குலை தள்ளுவதை நிறுத்தின. வயலைச் சொன்னால், புரட்டாதியில் விதைத்துத் தையில் வெட்டுகிற ஒரு போகம்தான் எங்களுக்கு, அதுவும் மழையை நம்பித்தான். ஓரளவு உவரைத் தாங்கும் என்று மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த துண்டுகளே வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. இப்போது தண்ணி கொண்டுவரும் பவுசர் வண்டி வரும் நாளைப் பார்த்துத்தான் உடுப்புத் தோய்க்கும் நாளை முடிவு செய்கிறோம். பவுசர் வராத நாளில் பரல் தண்ணி காசுக்கு.

இதன் காரணத்தை எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை இறக்குகிற தண்ணீர்தான் கிணற்றுத் தண்ணீர். தீவுகளில் அந்த நன்னீர் கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மேலே இறைப்பது கூடினாலும், மழை தப்பினாலும், கடல் உயர்ந்தாலும் உப்பு ஏறும். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது என்றும், அந்த வேகம் கூடிக்கொண்டு போகிறது என்றும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் சொன்னது. 20 சென்ரிமீற்றர் மலைநாட்டுக்காரருக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வயல் வரம்பின் உயரமே அவ்வளவு வராது.

ஆனால் உங்கள் அறிக்கையில் நான் முற்றாக மறுக்கிற இடம் இதுதான். உப்பு ஏறினதற்கு முழுக் காரணமும் காலநிலை மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புநீர் உள்ளே வராமல் மறிக்கும் தடுப்பணை உடைந்து எத்தனை மாரி போய்விட்டது? அதைக் கட்டித் தரும்படி சங்கம் எழுதிய கடிதங்களின் பிரதிகள் எங்கள் கோவையில் இருக்கின்றன. குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. இரவில் மணல் ஏற்றிக்கொண்டு போகிற உழவு இயந்திரங்களை ஊரே பார்க்கிறது. பரவைக்கடலை நன்னீராக்கலாம் என்று கனவு கண்டு எஸ். ஆறுமுகம் என்ற பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று திட்டம் போட்டது இந்த மண்ணில்தான். 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகள் எழும்பியதும் இங்கேதான். அவர்கள் காலத்தில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை, பராமரிப்பு என்ற பேச்சு இருந்தது. கடல் உயர்வதை உங்களால் நிறுத்த முடியாது என்பது எங்களுக்கு விளங்குகிறது. அணையின் கதவைத் திருத்த முடியும். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி, இயற்கை செய்த வேலை என்று எழுதிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் இல்லாமல் போய்விடுகிறார்.

இனி, போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் அவர்கள் இல்லவே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காட்டி, வெளிநாடு போய்விட்டார்களா என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். சிலர் போனது உண்மை. ஆனால் ஒரு குடும்பம் கிளிநொச்சியில் தோட்டக்கூலிக்கு நிற்கிறது. இன்னும் சிலர் யாழ்ப்பாணத்தில், வாடகை மலிவென்று பொம்மைவெளி, நாவாந்துறைப் பக்கமாகக் குடியேறினார்கள். மலிவு ஏன் என்பது முதல் மாரியிலேயே தெரிந்துவிட்டது. 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரவிப் புயலின் மழையில் வீட்டுக்குள் வெள்ளம். 2024 நவம்பரில், பின்னர் ஃபெங்கல் ஆன தாழமுக்கத்தில் மறுபடியும். பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் தறப்பாள் விரித்துப் படுத்தார்கள், உலர் உணவுப் பொதி வாங்கினார்கள், வெள்ளம் வடியத் திரும்பிப் போனார்கள். அந்த நாட்களின் பட்டியலில் அவர்கள் யாழ்ப்பாண நகரத்தின் வெள்ளப் பாதிப்பாளர்கள். தண்ணீர் உப்பானதால் ஊரைவிட்டு வந்து, வந்த இடத்தில் தண்ணீர் கூடியதால் திரும்பவும் எழும்பியவர்கள் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏனென்றால் அப்படிப் பதிய இடமே இல்லை. அனர்த்த நிலைமை அறிக்கைகளைப் பாருங்கள்: பாதிக்கப்பட்ட குடும்பங்கள், உயிரிழப்பு, காயம், காணாமல் போனோர், முழுச் சேதம், பகுதிச் சேதம், பாதுகாப்பு நிலையங்களில் இருப்போர். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பொருந்துகிற நிரல்கள் இவை. மெதுவாக ஏறுகிற உப்புக்கு ஒன்றும் இல்லை. எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர், நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா, காத்தடிச்சதோ வெள்ளம் வந்ததோ சொல்லுங்கோ, எழுதுறன். கிணறு உவராப் போனதுக்கு என்னட்டப் போம் இல்லை." அவரில் பிழையில்லை. அந்தப் படிவத்தை அடிக்க வேண்டியவர்கள் அந்த ஹோட்டல் மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள்.

போனவர்கள் இடம்பெயர்ந்தவர்களாகப் பதியப்படாததால் அவர்களுக்கு உரித்தும் இல்லை. வாக்காளர் பெயர் ஒரு பக்கம், சமுர்த்தியிலிருந்து மாறிய அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு இன்னொரு பக்கம், பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக்கு வதிவிட அத்தாட்சி கேட்டு அலைச்சல் வேறு. காணி உறுதியை 1990 ஓட்டத்தில் தொலைத்தவர்களுக்கு, இருந்த காணியும் ஆளில்லாக் காணியாக மாறிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குரலை உலகத்துக்குக் கேட்கச் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அதற்காக ஒரு வீடியோவும் எடுத்தீர்கள். எங்கள் சங்கத் தலைவியைக் கிணற்றுக்கட்டில் இருத்தி நெடுநேரம் பேசவைத்தீர்கள். தடுப்பணையைப் பற்றி, மணலைப் பற்றி, எந்தெந்த அலுவலகத்துக்குக் கடிதம் போட்டோம் என்பதைப் பற்றி அவர் திகதியோடு சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். வெளியான வீடியோவில் அவருடைய வாய் அசைகிறது, வயலின் வாசிக்கிறது, ஒரு ஆங்கிலக் குரல் காலநிலை அநீதியைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய சொந்தக் குரலில் வருவது ஒரேயொரு வசனம்: "எங்களுக்கு ஆரும் இல்லை." அதை அவர் சொன்னது வெற்றிலை வாங்கிவர ஆள் இல்லை என்பதற்கு. ஊரில் இதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தோம் என்பது வேறு கதை. ஆனால் அந்த வீடியோவைக் காட்டித்தான் வெளியில் நிதி கேட்கப்படுகிறது. காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் நாடுகளுக்கென்று 2022இல் எகிப்து காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டு 2023இல் துபாயில் தொடக்கிய இழப்பு, சேத நிதியத்தைப் பற்றி உங்கள் அறிக்கையே பேசுகிறது. எங்கள் கிணற்றைக் காட்டி வாங்கப்போகிற பணத்தில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டால், அந்தத் தலைவி ஒரு மூச்சில் சொல்வார்.

இப்போது நீங்கள் தேர்ந்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். நாங்கள் போகவே மாட்டோம் என்று சொல்லவில்லை. ஊரில் இதைப் பற்றி ஒரே கருத்தும் கிடையாது. இளம் குடும்பங்களில் பலர் நல்ல தண்ணியும் பள்ளிக்கூடமும் கிட்ட இருந்தால் நாளைக்கே வரத் தயார். வயதானவர்கள் கோயிலையும் சுடலையையும் விட்டு அசையமாட்டோம் என்கிறார்கள். நடுவில் என்னைப் போன்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: தொழில் என்னவாகும்? பின்னேரம் கட்டிய நண்டுவலையை விடியுமுன் எடுக்க வேண்டும். வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது பெண்களின் வேலை. கால் முறியாமல் கழற்ற வேண்டும், முறிந்தால் கம்பனிக்காரன் விலையைக் குறைப்பான். வெயில் ஏறினால் நண்டு செத்துவிடும். நீங்கள் காட்டிய காணியிலிருந்து எங்கள் கரைக்கு முதல் பஸ் வரும் நேரத்தில் அந்த வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வலையும் எஞ்சினும் வைக்கக் கரையில் ஒரு கொட்டில் விடுவதைப் பற்றி வரைவில் ஒரு வரி இல்லை. வீட்டுத்திட்ட வரைபடம் மட்டும் வர்ணத்தில் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பாடமும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கடற்கரையில் கட்டக்கூடாத வலயம் கீறினார்கள். என் தங்கையை வடமராட்சி கிழக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டில் அவளும் பிள்ளைகளும் படுக்க, மனுசன் எஞ்சினுக்குக் காவலாகக் கரையிலுள்ள மீன்வாடியில் படுத்தார். அந்த எல்லையைப் பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தும்போதும் அவர்களிடம் கேட்கவில்லை, கீறும்போதும் கேட்கவில்லை.

மலையகத்தில் நடந்தது இதன் மறுபக்கம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 அன்று மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போ என்று சொன்னவர்கள் போகிற இடத்தைக் கொடுக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, மலையக மக்களை எங்கே குடியேற்றலாம் என்று மேடைகளில் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். வடக்குக்கு வரலாம் என்றும் சொன்னார்கள். வரட்டும், எங்களுக்குச் சந்தோசம். ஆனால் அந்த மக்களிடம் முதலில் கேட்டீர்களா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் எங்களிடமும் கேட்கவில்லை.

சட்டம் பேசச் சொன்னால் அதுவும் பேசலாம். 1998இல் ஐ.நா. முன்வைத்த உள்ளக இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள் போரால் வந்த இடம்பெயர்வுக்கு மட்டும் உரியவை அல்ல, இயற்கை அனர்த்தங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கின்றன. 7ஆம் கோட்பாடு, அவசரக் கட்டம் அல்லாத நேரத்தில், இடம்மாற்றப்படுவோரின் சுதந்திரமான, விபரம் அறிந்த சம்மதத்தைப் பெற முயல வேண்டும் என்கிறது. இடமாற்றத்தைத் திட்டமிடுவதில் பாதிக்கப்பட்டவர்களை, குறிப்பாகப் பெண்களை, சேர்க்கப் பாடுபட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எங்கள் கிணறு உவர் ஆனது மெல்ல மெல்ல. கேட்பதற்கு உங்களுக்கு நேரமில்லாமல் போன அவசரக் கட்டம் எது என்று தெரியவில்லை.

பனாமாவில் கார்டி சுக்டூப் என்ற சின்னத் தீவின் குணா மக்கள் 2010 அளவிலேயே தாங்களாகக் கூடி, பெருநிலத்துக்கு மாறுவது என்று பேச்சைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 300 குடும்பங்களுக்கு 2024 ஜூனில்தான் வீட்டுத் திறப்புக் கையில் கிடைத்தது. அரசாங்கம் அங்கேயும் இழுத்தடித்திருக்கிறது, அதை நான் மெச்சவில்லை. ஆனால் போவதா இல்லையா என்ற பேச்சு அந்த மக்களின் கூட்டத்தில் தொடங்கியது, ஹோட்டலில் அல்ல.

எங்கள் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானமாக எடுத்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

பின்னிணைப்பிலிருக்கும் கையெழுத்துத் தாளை உடனே நீக்குங்கள். நீக்கியதை எழுத்தில் தாருங்கள். அது வருகைப் பதிவு, சம்மதம் அல்ல என்று அந்த அறிக்கை போய்ச் சேர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அறிவியுங்கள். வீடியோவையும் எடுங்கள், அல்லது தலைவி சொன்னதை வெட்டாமல் தமிழிலேயே போடுங்கள்.

வரைவு முழுவதையும் தமிழில் தாருங்கள். இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டாம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து வாங்க எங்களுக்குத் தெரியும்; அந்த அலைச்சலை எங்களுக்கு வைக்காதீர்கள்.

அதன் பிறகு ஊருக்கு வாருங்கள். சங்கக் கட்டடம் இருக்கிறது, கதிரை போதாவிட்டால் பாய் விரிக்கிறோம். வலை வேலை முடிந்து பத்து மணிக்குப் பின் வைத்தால் எல்லோரும் வருவார்கள். பெண்களோடு தனியாகவும் ஓர் அமர்வு வேண்டும். என்ன பேசினோம் என்று எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டி, அதற்குக் கீழேதான் கையெழுத்து வாங்க வேண்டும். கிளிநொச்சிக்கும் நகரத்துக்கும் போய்விட்ட எங்கள் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். முகவரி நாங்கள் தருகிறோம்.

பிரதேச செயலக மட்டத்தில் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். நீர் உவரானதாலும், கடலரிப்பாலும், திரும்பத் திரும்ப வரும் வெள்ளத்தாலும் வீட்டை விட்டவர்கள் எப்போது விட்டார்கள், இப்போது எங்கே, வாடகையிலா உறவினர் வீட்டிலா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் ஆண் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தை அதிலாவது விடுங்கள். அந்தப் பதிவை வதிவிட அத்தாட்சியாகப் பள்ளிக்கூடங்களும் கொடுப்பனவு அலுவலகங்களும் ஏற்க வேண்டும்.

உவர்நீர்த் தடுப்பணையை இந்த மாரிக்கு முன் திருத்துங்கள். இடமாற்றம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடக்க வேண்டும். கிணறுகளின் உப்பளவை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சங்கப் பலகையில் ஒட்டுங்கள்.

மாறிப் போகச் சம்மதிக்கும் குடும்பங்களுக்குக் காணியைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். பழைய காணியின் உரித்து அதனால் அழியாது என்பதையும், கரையில் இறங்குதுறையும் கொட்டிலும் எங்கள் பாவனையில் இருக்கும் என்பதையும் அதே பத்திரத்தில் சேருங்கள். அவற்றைக் காலி செய்த கரை என்று ஹோட்டல்காரருக்குக் குத்தகைக்குக் கொடுக்க இடம் வைக்கக்கூடாது. போக மறுக்கும் குடும்பத்துக்கு பவுசர் தண்ணியை நிறுத்தி நெருக்கக்கூடாது.

திட்டக் குழுவில் எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும். ஒருவர் ஊரில் இருப்பவர், மற்றவர் ஊரைவிட்டுப் போனவர். இருவரையும் நாங்கள் தெரிவு செய்வோம்.

இந்தக் கோரிக்கைகளுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தமிழில், பலகையில் ஒட்டக்கூடிய எழுத்து அளவில். முடியாது என்பதற்கும் காரணத்தோடு எழுதுங்கள். அதுவரை எங்கள் ஊரின் பெயரிலோ படத்திலோ எந்த விண்ணப்பமும் எங்கும் அனுப்பக்கூடாது.

இப்படிக்கு,
செயலாளர்,
தீவகக் கரையோரக் கிராமமொன்றின் மாதர் சங்கம்,
யாழ்ப்பாணம்.